ரெக்கார்டு பிளேயர் ஆர்முக்குள் போகிற கம்பி: எது வாங்குவது, எப்படிப் பற்றவைப்பது?

2025 மார்ச் 8, திருமங்கலத்திலிருந்து வந்த கேள்வி

அண்ணே, பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்று கைக்கு வந்தது. இடது பக்கச் சத்தம் விட்டு விட்டு வருகிறது. ஆர்மை, அதாவது முள்ளைத் தாங்குகிற குழாயை, லேசாக ஆட்டினால் வரும், அப்புறம் போய்விடும். ஆர்முக்குள் கம்பி அறுந்திருக்கிறது என்று நினைக்கிறேன். வெளிநாட்டு வீடியோக்களில் 33 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் கனத்துக்கான எண்) வெள்ளிக் கம்பி போடு, சத்தமே வேறு மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள். தெற்காவணி மூல வீதியில் தெரிந்த ஆசாரி ஒருவர் இருக்கிறார், வெள்ளியை எவ்வளவு மெலிதாக வேண்டுமானாலும் இழுத்துத் தருவார். போடலாமா? இல்லை, செம்புதான் என்றால் 33 கேஜ் மதுரையில் எங்கே கிடைக்கும்?

மார்ச் 8, இரவு

வெள்ளி வேண்டாம் தம்பி. ஆசாரியிடம் கொலுசு செய்துகொள்ளுங்கள்.

கணக்கைப் பாருங்கள். செம்பைவிட வெள்ளிக்கு மின்தடை ஐந்தாறு சதவீதம் குறைவு, அவ்வளவுதான். ஆர்முக்குள் ஓடுகிற கம்பி ஓர் அடி நீளம். 0.18 மி.மீ. செம்பில் அதன் தடை சுமார் 0.2 ஓம், வெள்ளியில் 0.19 ஓம். இதோடு வரிசையில் நிற்கிற கார்ட்ரிட்ஜ் (முள்ளின் அசைவை மின்சாரமாக்குவது) காயிலின் தடை நூற்றுக்கணக்கான ஓம். ஆடியோ டெக்னிக்கா வி.எம்.95.ஈ கார்ட்ரிட்ஜ் என்றால் 485 ஓம். ஆம்ப்ளிஃபயர் வாசலில் 47,000 ஓம். இதில் 0.01 ஓம் மிச்சம் பிடித்து யாருக்கு என்ன லாபம்?

ஆசாரி இழுப்பது ஒற்றைக் கம்பி. கம்பி இழுக்கிற தட்டின் துளையில் இழுக்க இழுக்க வெள்ளி விறைத்துக்கொள்ளும். நெருப்பில் காட்டி இளக்கித் தந்தாலும் மேலே எனாமல், அதாவது மின்சாரம் கடத்தாத பூச்சு, கிடையாது. நாலு வெறுங்கம்பி ஒரே குழாய்க்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும்.

அது கிடக்கட்டும். என்ன பிளேயர் என்று சொல்லவே இல்லையே. காந்தக் கார்ட்ரிட்ஜா, செராமிக்கா?

மார்ச் 9

காந்தக் கார்ட்ரிட்ஜ், எஸ் வளைவு ஆர்ம், ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜ் பொருந்துகிற முன்துண்டு) கழற்றி மாட்டுகிற வகை என்று தம்பி பதில் போட்டிருக்கிறார். நல்லது. பெட்டி மாடல் செராமிக்காக இருந்திருந்தால் இவ்வளவு பேச்சே வேண்டாம். அதில் வருவது நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட். காந்தத்தில் மூன்று முதல் ஐந்து மில்லிவோல்ட்தான். காந்தத்துக்குப் பதில் காயில் அசைகிற எம்.சி. வகை என்றால் அதிலும் பத்தில் ஒரு பங்கு.

ஆர்மைத் திறக்கும் முன் குறை எங்கே என்று உறுதி செய்யுங்கள். ஆம்ப்ளிஃபயரில் இடது வலது பிளக்குகளை மாற்றிக் குத்துங்கள். குறை வலது ஸ்பீக்கருக்குப் போனால் அது பிளேயர் பக்கம். போகாமல் இடதிலேயே நின்றால் ஆம்ப்ளிஃபயர் பக்கம். பிளேயர் பக்கம் என்றால் பிளக்குகளைப் பழையபடி குத்திவிட்டு, ஹெட்ஷெல்லில் வெள்ளை, நீலக் கம்பிகள் இருக்கிற இடத்தில் சிவப்பு, பச்சைக் கம்பிகளையும், அவை இருந்த இடத்தில் வெள்ளை, நீலத்தையும் மாற்றிச் செருகுங்கள். இப்போது குறை இடம் மாறினால் கார்ட்ரிட்ஜ். மாறாவிட்டால்தான் கம்பி.

மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்க்கிற ஆசை வரும். கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும்போது வேண்டவே வேண்டாம். மீட்டர் அனுப்புகிற மின்னோட்டம் அந்தச் சின்னக் காயிலுக்கு அதிகம், எம்.சி.க்கு ரொம்பவே அதிகம். கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள்.

மார்ச் 11

கேஜ் விவகாரம். இதில்தான் ஆள்கள் காசை விடுகிறார்கள்.

வீடியோக்காரர் சொல்கிற 33 அமெரிக்கக் கேஜ். 0.18 மி.மீ. நம் ஊரில் காயில் கம்பிக் கடையில் பேசுவது எஸ்.டபிள்யூ.ஜி. என்கிற பிரிட்டிஷ் கேஜ், வெள்ளைக்காரன் விட்டுப்போனது. அதில் 33 என்றால் 0.254 மி.மீ. பார்க்க வித்தியாசம் தெரியாது. ஆனால் குறுக்குப் பரப்பு இரண்டு மடங்கு, விறைப்பு நாலு மடங்கு. ஏனென்றால் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். நமக்கு வேண்டியது கடைக்கணக்கில் 36க்கும் 37க்கும் நடுவில்: 36 என்பது 0.193, 37 என்பது 0.173. சீலிங் ஃபேன் காயில் கட்டுகிறவரிடம் 36 எப்போதும் இருக்கும்.

கடையில் கேஜ் பேசாமல் மி.மீ. பேசுங்கள். மைக்ரோமீட்டர் வைத்திருக்கிற கடையாகப் பார்த்துப் போங்கள்.

மார்ச் 11, பின்னிரவு

மேலே ஃபேன் கம்பி என்று எழுதியதைப் படித்துவிட்டு யாரும் காலையில் அதை வாங்க ஓடாதீர்கள். கனத்துக்கு உதாரணம் சொன்னேன், அவ்வளவுதான். அந்தக் கம்பி ஆர்முக்கு ஆகாது. இரண்டு காரணம். ஒன்று ஒற்றைக் கம்பி. இரண்டு அதன் எனாமல். நாளை எழுதுகிறேன், கரண்ட் போய்விட்டது.

மார்ச் 12

எனாமல்.

மோட்டார், ஃபேன் வேலைக்கு வருகிற கம்பி சூடு தாங்கவேண்டியது. அதனால் பாலியெஸ்டர் வகைப் பூச்சு போட்டிருப்பார்கள், சிலதில் இரட்டைப் பூச்சு. பற்றவைக்கிற அயர்னை வைத்தால் அது அசையாது. வைண்டிங் கடையில் பிளேடால் சுரண்டுவதையோ உப்புத்தாளில் தேய்ப்பதையோ பார்த்திருப்பீர்கள். ஒற்றைக் கம்பியில் அது நடக்கும். ஆர்முக்கு வேண்டிய, ஏழு இழை, பத்து இழை முறுக்கிய கம்பியில் எந்த இழையைச் சுரண்டுவது? சுரண்டினால் அறும்.

நமக்கு வேண்டியது பாலியூரித்தேன் எனாமல். அயர்ன் நுனியில் ஒரு சொட்டு ஈயத்தைத் திரட்டி, 380, 390 டிகிரியில் கம்பி முனையை அதற்குள் நுழைத்தால் பூச்சு தானே எரிந்து, செம்பு ஈயம் பூசிக்கொள்ளும். கடையில் சாம்பிள் வாங்கி வந்து இதைச் செய்து பாருங்கள். இரண்டு மூன்று நொடியில் முனை வெள்ளியாக மின்னினால் அது நம் கம்பி. கருகிப் பழுப்பாக நின்றால் மோட்டார்க் கம்பி, திருப்பிக் கொடுத்துவிடலாம். (கொடுக்க முடியாது. 50 கிராம் வெட்டிக் கொடுத்ததை எந்தக் கடைக்காரர் திருப்பி எடுத்தார்? ஒரு சாண் மட்டும் கேட்டு வாங்கிப் பாருங்கள், சும்மாவே தருவார்கள்.)

அந்தப் புகை நல்லதில்லை. எரிகிற பாலியூரித்தேனிலிருந்து ஐசோசயனேட் வரும். ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த வேலையை வேறு ஆளிடம் கொடுங்கள். மற்றவர்கள் சன்னலைத் திறந்து வையுங்கள், மூக்கை மேலே நீட்டாதீர்கள்.

மார்ச் 15

மேலூர்க்காரர் ஒருவர் கேட்கிறார்: "லிட்ஸ் கம்பி என்கிறார்களே, அதை ஆர்முக்குப் போட்டால் உயர் சுருதி தெளிவாகும், தோல் விளைவு குறையும் என்கிறார்களே?"

லிட்ஸ் என்பது தனித்தனியே எனாமல் பூசிய மெல்லிய இழைகளைச் சேர்த்து முறுக்கிய கம்பி. தோல் விளைவு என்பது, அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்புக்கு ஒதுங்குவது. 20,000 ஹெர்ட்ஸில் செம்பில் அந்த ஆழம் 0.46 மி.மீ. நம் கம்பியின் மொத்த விட்டமே 0.18. ஒதுங்க இடம் எங்கே? பத்து லட்சம் ஹெர்ட்ஸில்தான் அது 0.07 மி.மீ. ஆகச் சுருங்குகிறது. அதனால்தான் மீடியம் வேவ் ரேடியோவில் லிட்ஸ் போட்டான்.

ஆனாலும் ஆர்முக்கு லிட்ஸ்தான் சரி, காரணம்தான் வேறு. 0.07 மி.மீ. இழை ஏழைச் சேர்த்தால் செம்பின் அளவு 0.185 மி.மீ. ஒற்றைக் கம்பிக்குச் சமம், தடையும் அதே. விறைப்பு மட்டும் ஏழில் ஒரு பங்கு. இந்தக் கம்பியிடம் நான் கேட்பது இந்த ஒன்றைத்தான். எடுத்துத் தொங்கவிட்டால் நனைந்த நூலாகத் தொங்கவேண்டும். நிமிர்ந்து நின்றால் எந்த உலோகமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

மார்ச் 15, மாலை

லிட்ஸ் எங்கே கிடைக்கும் என்று இப்போதே கேட்டுவிட்டார்கள். கார்டாஸ் மாதிரி கம்பெனிகள் ஆர்முக்கென்றே நாலு நிறத்தில் விற்பதை இணையத்தில் வாங்கலாம், கையில் காசு இருந்தால் அதுவே சுலபம். நிறம் போட்டிருப்பதே பாதி வேலை மிச்சம்.

காசு இல்லாவிட்டால், பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ. உள்ளே கரிய ஃபெரைட் கம்பியின் மேல் மீடியம் வேவ் காயில் சுற்றியிருக்கும். நல்ல செட்டாக இருந்தால் அது பட்டு நூல் சுற்றிய லிட்ஸ். நான் வேலை பார்த்த காலத்தில் டவுன்ஹால் ரோட்டுக் கடைகளின் பின்கட்டில் இதை மூட்டையாகத் தூக்கிக் கழிவுக்குப் போட்டார்கள். நானும் போட்டிருக்கிறேன். இன்றைக்கு ஒரு ரேடியோவுக்குப் பழைய இரும்புக்கடையில் தேடவேண்டியிருக்கிறது. எடுத்தால் சில மீட்டர் வரும், ஆர்முக்குத் தாராளம். ஓடுகிற ரேடியோவைப் பிரிக்காதீர்கள், அது பாவம்.

இயர்ஃபோன் கம்பியும் எனாமல் இழைதான், ஆனால் நடுவே நைலான் நார் ஓடும். ஈயம் வைக்கும்போது நார் உருகி இழைகளுக்கு நடுவே பிசுபிசுத்து உயிரை வாங்கும். டிரோன் பொம்மைக்காரர்கள் வைத்திருக்கிற சிலிக்கான் கம்பி, அமெரிக்கக் கேஜ் 30, அருமையாக வளையும். மேல்தோலோடு 0.8 மி.மீ. கனம். ஹெட்ஷெல்லுக்குள் போடலாம். நாலு கம்பி, ஆர்ம் திரும்புகிற பேரிங்கின் நடுத்துளைக்குள் நுழையாது.

மார்ச் 19

"விறைப்பு விறைப்பு என்கிறீர்களே, ஓர் அடிக் கம்பியில் என்ன பெரிய விறைப்பு?" என்று ஒருவர்.

முள் இசைத்தட்டின் மேல் அழுத்துவது ஒன்றரை, இரண்டு கிராம். தட்டின் ஓரத்திலிருந்து நடு வரை ஆர்ம் நகர்வது அந்தப் பள்ளம் பக்கவாட்டில் தள்ளுகிற சின்னத் தள்ளில்தான். அந்த நேரத்தில் பேரிங்கிலிருந்து வெளியே வருகிற கம்பி ஸ்பிரிங்காக நின்று திருப்பி இழுத்தால் ஆன்டிஸ்கேட்டுக்கு (ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டுவது) நீங்கள் வைத்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

சோதிப்பது சுலபம். ஆன்டிஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வையுங்கள். பின்னெடையைத் திருகி ஆர்ம் அந்தரத்தில் மட்டமாக மிதக்கும்படி செய்யுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். ஆர்மைத் தட்டின் ஓரத்துக்கு நேராக விட்டுப் பாருங்கள், அப்புறம் நடுவில், அப்புறம் லேபிள் பக்கம். விட்ட இடத்தில் நிற்கவேண்டும். எங்கே விட்டாலும் ஒரே இடத்துக்குத் திரும்பி வந்தால் கம்பி இழுக்கிறது. அப்போது கம்பி ஆர்மின் அச்சுக்கு நேர் கீழே இறங்குகிறதா, அங்கே ஒரு தளர்ந்த வளையம் விட்டிருக்கிறோமா என்று பார்க்கவேண்டும். வளையம் எதிலும் உரசக்கூடாது.

கம்பி போடும் முன்பே இந்தச் சோதனையைச் செய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேரிங்கே கெட்டிருந்தால் கம்பியைத் திட்டிப் பயனில்லை.

மார்ச் 22

தம்பி கம்பியை உருவி எடுத்துவிட்டாராம். ஐயோ. பழைய கம்பிதான் புதுக் கம்பியை இழுத்து வருகிற கயிறு. அதன் வாலில் புதியதைக் கட்டி, மறுபக்கத்திலிருந்து மெதுவாக இழுத்திருக்கவேண்டும்.

பரவாயில்லை. தூண்டில் நரம்பு வாங்குங்கள், உள்ளதிலேயே மெலிசு. எஸ் வளைவில் அது தானே வழி கண்டுபிடித்துப் போய்விடும். முனையைத் தீக்குச்சியில் காட்டி உருண்டையாக்கிவிட்டால் உள்ளே எங்கும் குத்தாது. மறுபக்கம் வந்ததும் நாலு கம்பியையும் படிக்கட்டாக, ஒன்றன்பின் ஒன்று அரை அங்குலம் தள்ளித் தள்ளி வைத்து நூலால் கட்டுங்கள். நாலும் ஒரே இடத்தில் முடிந்தால் முடிச்சு பருத்து வளைவில் சிக்கும். குழாயின் வெளித்துளை ஓரத்தில் விரலை வைத்துப் பாருங்கள். பிசிறு இருந்தால் அங்கேதான் பழைய கம்பி தேய்ந்து அறுந்திருக்கும். உப்புத்தாளில் தேய்த்து, ஒரு துண்டு ஸ்லீவ் (கம்பி மேல் போடுகிற குழல் உறை) செருகுங்கள்.

இழுக்கும் முன் இரண்டிரண்டாக முறுக்கிக்கொள்ளுங்கள்: வெள்ளையோடு நீலம், சிவப்போடு பச்சை. இறுக்கி முறுக்கினால் விறைக்கும். அங்குலத்துக்கு ஒன்றிரண்டு சுற்று போதும், ஹம் என்கிற உறுமல் குறையும்.

மார்ச் 23

நிறம். வெள்ளை இடது உயிர் (சத்தத்தைக் கொண்டுவருகிற முனை), நீலம் இடது எர்த், சிவப்பு வலது உயிர், பச்சை வலது எர்த். கார்ட்ரிட்ஜ் பின்பக்கப் பின்களிலும் இந்த நிறம்தான்.

ரேடியோ லிட்ஸ் போடுகிறவர்களுக்கு நாலும் ஒரே நிறம். நெயில் பாலிஷ் வேண்டும். இரண்டு முனையிலும் ஒரு பொட்டு, ஈயம் வைக்கிற இடத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி. வீட்டம்மாவிடம் பச்சையும் நீலமும் இருக்காது. கல்லூரி போகிற மகள் இருந்தால் எல்லா நிறமும் கிடைக்கும், கேட்டுவிட்டு எடுங்கள்.

மார்ச் 29

பற்றவைப்பு. நீளமாக எழுதப்போகிறேன், பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

அயர்ன்: சாதாரண 25 வாட் அயர்ன் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அதில் கட்டுப்பாடு கிடையாது, சும்மா கிடந்தால் 400 டிகிரிப் பக்கம் போய் நிற்கும். எனாமல் எரிக்க அது நல்லது. கார்ட்ரிட்ஜ் பின்னைக் கவ்வுகிற சின்னக் கிளிப்பிலும் பின்னிலும் வைக்க அது எமன். வெப்பம் திருத்துகிற அயர்ன் இருந்தால் எனாமலுக்கு 390, மற்றதற்கு 330. இல்லாவிட்டால் கிளிப் வேலைக்கு முன் நுனியை ஈரப் பஞ்சில் ஒற்றிச் சூட்டை இறக்குங்கள். நுனி ஊசியாக இருக்கவேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு ஒரு மி.மீ. உளி நுனிதான் கைக்கு வந்தது. ஊசி நுனி சூட்டைக் கடத்தாது, அதனால் நேரம் கூடும், நேரம் கூடினால் பிளாஸ்டிக் உருகும்.

ஈயம்: வெள்ளீயம் 63க்குக் காரீயம் 37 கலவை, உள்ளே ரோசின் என்கிற பிசின் ஓடுவது, 0.5 மி.மீ. கனம். 183 டிகிரியில் உருகி அங்கேயே உறைகிறது, நடுவில் கூழாக நிற்காது. கம்பி ஒரு துளி அசைந்தாலும் கெட்டுப்போகிற இந்த வேலைக்கு அதுதான் வேண்டும். காரீயம் இல்லாதது 217க்கு மேல்தான் உருகும். தகரப் பாத்திரத்துக்குப் போடுகிற ஆசிட் ஃப்ளக்ஸை மேசைப் பக்கமே கொண்டுவராதீர்கள், ஆறு மாதத்தில் கம்பியைத் தின்றுவிடும். வேலை முடிந்து கைகழுவுங்கள், காரீயம் காரீயம்தான்.

கிளிப்: கார்ட்ரிட்ஜ் பின்னில் மாட்டிக்கொண்டு ஈயம் வைக்கவே கூடாது. பின்னின் மறுமுனையில் முடியைவிட மெலிந்த காயில் கம்பி இருக்கிறது, சூடு நேரே அங்கே போகும். கிளிப்பைத் தனியே எடுத்து அதன் வாயில் ஒரு பல்குச்சியைச் செருகுங்கள். பிடித்துக்கொள்ளவும் ஆச்சு, ஈயம் வாய்க்குள் ஓடாமல் இருக்கவும் ஆச்சு. கம்பி முனையில் இரண்டு மி.மீ. ஈயம் பூசிக்கொள்ளுங்கள். கிளிப் வாலிலும் ஒரு பூச்சு. ஸ்லீவை முதலிலேயே கம்பியில் ஏற்றித் தள்ளிவிடுங்கள், மறந்தால் திரும்ப முதலிலிருந்து. அப்புறம் இரண்டையும் ஒட்டி வைத்து, நுனியில் ஈயம் ஈரமாக இருக்கும்போதே தொடுங்கள். ஒரு நொடி. பூச்சு இரண்டும் கண்ணெதிரே ஒன்றாகப் பரவும், அந்தக் கணமே எடுத்துவிடுங்கள். சாமணத்தை விடாதீர்கள், மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். ஈயம் பளபளவென்று, கம்பியின் வடிவம் உள்ளே தெரிய மெல்லிசாக இருந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஒட்டவில்லை என்று அர்த்தம்.

எஸ் ஆர்மின் முன்முனை: அங்கே பிளாஸ்டிக் கட்டைக்குள் நாலு பின் ஸ்பிரிங்கில் நிற்கும். சூடு பட்டால் பிளாஸ்டிக் இளகிப் பின் சாய்ந்துவிடும், அப்புறம் ஹெட்ஷெல் தொடர்பே பிடிக்காது. அதனால் கார்ட்ரிட்ஜ் இல்லாத வெறும் ஹெட்ஷெல் ஒன்றை மாட்டி வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். பின்களை நேராகப் பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். ஒரு பின் முடிந்ததும் அடுத்ததைத் தொடாமல் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

கண்: எனக்கு வாட்ச் கடைக்காரர்கள் கண்ணில் இடுக்குகிற லென்ஸ். சாமணமும் லென்ஸும் நகைப்பட்டறைச் சாமான் விற்கிற கடையில் நல்லதாகக் கிடைக்கும். ஆக, தெற்காவணி மூல வீதிக்குப் போகவேண்டியதுதான் தம்பி, வெள்ளிக்காக மட்டும் போகவேண்டாம்.

முடிந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்டையான தூரிகையால் ரோசினைத் துடையுங்கள்.

மார்ச் 30

வாடிப்பட்டியிலிருந்து ஒருவர், ஆஸ்பிரின் மாத்திரை மேல் கம்பியை வைத்து அயர்னால் அழுத்தினால் எனாமல் கழன்றுவிடும் என்கிறார். கழலும், உண்மைதான், பழைய ரேடியோக்காரர்கள் செய்தது. வருகிற புகை மூக்கைக் குத்தும், மிச்சம் நிற்கிற அமிலத்தைக் கழுவாவிட்டால் பிறகு பச்சைப் பாசி பிடிக்கும். ஏழு இழைகளுக்கு நடுவே எப்படிக் கழுவுவீர்கள்? ஈயச் சொட்டே போதும்.

ஸ்பிரிட் விளக்கில் சிவக்கக் காட்டி அப்படியே ஸ்பிரிட்டில் முக்குகிற வித்தையும் உண்டு. இன்று அதைச் செய்து காட்டமாட்டேன், எரிகிற விளக்குக்குப் பக்கத்தில் திறந்த ஸ்பிரிட் கிண்ணம் என்றாலே எனக்கு இப்போது வயிறு கலங்குகிறது.

ஏப்ரல் 6

வேறு யோசனை ஒன்று. இந்த வேலைக்கு ரேடியோ மெக்கானிக்கைத் தேடுகிறோம். ஊரில் மிச்சமிருக்கிற எங்கள் ஆள்களுக்கெல்லாம் கை நடுங்குகிறது, கண் போய்விட்டது. செல்போன் சர்வீஸ் பையன்கள் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்புக்குக் கீழே இதைவிட நூறு மடங்கு பொடி வேலை பார்க்கிறார்கள். கிளிப்பையும் கம்பியையும் கொண்டுபோய்க் கொடுத்தால் பேசிக்கொண்டே முடித்துவிடுவார்கள். ஆர்மை மட்டும் கொடுக்காதீர்கள், அதை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது.

அவர்கள் ஜம்பருக்கு, அதாவது அறுந்த இணைப்பை ஒட்டுப்போட, வைத்திருக்கிற கம்பியை ஆர்முக்குப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 0.02 மி.மீ. மீட்டருக்கு 55 ஓம் வரும். ஓர் அடிக்குப் பதினேழு ஓம், அதனால்கூடக் காந்தக் கார்ட்ரிட்ஜில் பாட்டு கேட்கும், வித்தியாசமே தெரியாது. ஆனால் தும்மினால் அறுந்துவிடும். தடைக் கணக்கைப் பார்த்துக் கம்பி வாங்குகிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஏப்ரல் 13

தம்பி முடித்துவிட்டார். "அண்ணே, சத்தமே திறந்துவிட்டது, இசைக்கருவி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கிறது. கம்பிதானே காரணம்?"

கூடவே வேறு என்ன மாற்றினீர்கள் என்று கேட்டேன். பின்னால் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற ஆர்.சி.ஏ. கேபிளும் புதுசாம், பழையது ஒன்றரை மீட்டர், புதியது அதில் பாதி. அங்கே இருக்கிறது சங்கதி.

கேபிளுக்குக் கொள்ளளவு உண்டு, பொதுவாக மீட்டருக்கு 100 பிகோஃபாரட் பக்கம், மட்டமான கேபிளில் இன்னும் கூட. கார்ட்ரிட்ஜ் காயிலின் தூண்டல் 550 மில்லிஹென்றி என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 400 பிகோஃபாரட் சேரும்போது அந்த இரண்டும் சேர்ந்து ஒத்ததிர்வது 10,700 ஹெர்ட்ஸில். 200 ஆகக் குறைத்தால் 15,000 ஹெர்ட்ஸுக்கு மேலே போகிறது. உயர் சுருதியின் முகமே மாறிவிடும், காதுக்கு நன்றாகத் தெரியும். வி.எம்.95.ஈக்குக் கம்பெனி சொல்வதே 100 முதல் 200 வரைதான், அதில் ஆம்ப்ளிஃபயருக்குள் இருப்பதும் சேர்த்தி.

ஆர்முக்குள் போட்ட ஓர் அடிக் கம்பி செய்தது, விட்டு விட்டு வந்ததை விடாமல் வரவைத்தது. அது சின்ன விஷயமா?

ஏப்ரல் 14

நேற்று எழுதியது கொஞ்சம் கறாராக இருந்துவிட்டது போல. பழைய பின்களில் களிம்பு ஏறியிருந்தால், புதிதாகப் பற்றவைத்ததிலும் தெளிவு கூடும். அதையும் கணக்கில் வையுங்கள். புத்தாண்டு வாழ்த்துகள்.

ஏப்ரல் 20

ஹம். மேலூர்க்காரருக்குக் கம்பி மாற்றியபின் உறுமுகிறதாம், ஆர்மைக் கையால் தொட்டால் நிற்கிறதாம். தொட்டால் நிற்கிறது என்றால் குழாய்க்கு எர்த் இல்லை. ஐந்தாவது கம்பி ஒன்று குழாயின் உலோகத்திலிருந்து இறங்கிப் பிளேயரின் எர்த் திருகுக்குப் போகவேண்டும். நாலு கம்பியில் கவனம் போய் ஐந்தாவதை விட்டுவிடுவார்கள். ரீகா கம்பெனி ஆர்ம்களில் தனி எர்த் கம்பி இருக்காது, இடது பக்க எர்த்தோடு ஆர்மைச் சேர்த்திருப்பான். அதைப் பார்த்துவிட்டு இங்கே செய்யாதீர்கள். இரண்டு இடத்திலும் எர்த் கொடுத்தால் வளையமாகி இன்னும் உறுமும்.

கம்பியைக் கார்ட்ரிட்ஜிலிருந்து ஆர்.சி.ஏ. பிளக் வரை ஒரே ஓட்டமாகக் கொண்டுபோகலாமா என்றும் கேட்கிறார். இணைப்பு குறையும், உண்மை. ஆனால் பிளேயருக்கு வெளியே உறையில்லாத மெல்லிய கம்பி தொங்கும், வீட்டில் பெருக்குகிற விளக்குமாற்றுக்கு அது போதும். ஆர்மின் அடியில் நாலு காது உள்ள சின்னப் பட்டை வைத்து அங்கே முடித்து, அதிலிருந்து உறைபோட்ட கேபிள் எடுப்பது என் கட்சி.

மே 12

இன்று அழகர் ஆற்றில் இறங்கினார். காலையில் கோரிப்பாளையம் பக்கம் நிற்க இடமில்லை. கம்பம் கம்பமாகக் குழாய் ஒலிபெருக்கி, எல்லாம் பென் டிரைவ் பாட்டு.

உசிலம்பட்டியில் மாமாவின் மைக்செட்டில் எடுபிடியாக இருந்தபோது கார்ட்ரிட்ஜ் எல்லாம் செராமிக். மேடை ஆடினால் முள் தாவும். அதற்கு ஹெட்ஷெல் மேலே நாலணாக் காசை வைத்து நூலால் கட்டிவிடுவார். தட்டு தேய்ந்து வெள்ளைக் கோடு விழும். ஆர்முக்குள் கம்பி அறுந்தால் உள்ளே எல்லாம் கைவைக்க மாட்டார். குழாயின் வெளியே ஒரு கம்பியை ஓட்டி, இரண்டு இடத்தில் கருப்பு டேப் சுற்றி, கல்யாணத்தை முடித்துவிடுவார். சந்தேகத்துக்குச் சோதித்துப் பார்க்க இன்றைக்கும் அது நல்ல வழி: ஆர்மைப் பிரிக்கும் முன் வெளியே ஒரு கம்பி ஓட்டிப் பாருங்கள், சத்தம் வந்தால் உள்கம்பிதான் குறை. இதை மார்ச் 9 குறிப்போடு சேர்த்துப் படிக்கவும்.

மே 25

புதிதாக ஒருவர்: ஆர்ம் நன்றாக ஓடுகிறது, ஆனாலும் நல்ல லிட்ஸ் போட்டு வைத்துவிடலாமா?

வேண்டாம். ஓடுகிற ஆர்மைப் பிரிக்காதீர்கள். கை அரித்தால் ஹெட்ஷெல்லுக்குள் இருக்கிற நாலு சின்ன லீடுகளை, அதாவது கம்பித் துண்டுகளை, மாற்றுங்கள், இரண்டு அங்குலம்தான், மேசையில் வைத்துச் செய்யலாம், கெட்டாலும் திரும்பச் செய்யலாம். கிளிப் பின்னில் தளர்வாக இருந்தால் பல்குச்சியை அதன் வாயில் வைத்துக்கொண்டு சாமணத்தால் ஒரு சொடுக்கு அமுக்குங்கள். இறுக்கமாக இருந்தால் அழுத்திச் செருகாமல் முதலில் ஊசியால் வாயை விரித்துக்கொள்ளுங்கள். கிளிப்பைச் சாமணத்தில் பிடித்துத்தான் செருகவேண்டும், கம்பியைப் பிடித்து இழுக்கக்கூடாது.